ஈரவலிமைத் தாளைக் குளோரின் இல்லாமல் கூழாக்குதல்: வேலூர் வட்டாரத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பழைய தாளை ஊறவைத்துக் கூழாக்கி, அட்டையாகவோ முட்டைத் தட்டாகவோ நாற்றுத் தொட்டியாகவோ மாற்றும் சிறு பட்டறை ஒன்றை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்தித்தாளும் பழைய நோட்டுப் புத்தகமும் ஓர் இரவு தண்ணீரில் கிடந்தால் மறுநாள் காலையில் கையால் கசக்கினாலே கூழாகிவிடும். ஆனால் பழைய பேப்பர்க் கடையிலிருந்து வரும் மூட்டையில் சமையலறைத் துடைதாளும் பாட்டில் லேபிளும் கலந்திருந்தால், மற்றதெல்லாம் கரைந்த பிறகும் அவை மட்டும் துண்டு துண்டாக மிதந்துகொண்டிருக்கும். நனைந்தாலும் எளிதில் பிரியாத இத்தகைய தாளைத்தான் ஈரவலிமைத் தாள் என்கிறோம். அப்படியே வார்ப்பில் ஏற்றினால் காய்ந்த அட்டையின் மேல் திட்டுத் திட்டாகத் தெரியும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர், "கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போடுங்கள், கரைந்துவிடும்" என்று யோசனை சொல்வார். கரையத்தான் செய்யும். அந்தக் கழிவுநீர் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியைப் பாலாற்றுப் படுகையில் தொழில் செய்ய வருகிறவர் அதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

என் கருத்து இதுதான்: இந்த அளவிலான வேலைக்குக் குளோரின் தேவையே இல்லை. வகை பிரித்தல், வெப்பம், நேரம், கெட்டியாகப் பிசைதல் ஆகிய நான்கையும் ஒழுங்காகச் செய்தால், கையில் வரும் ஈரவலிமைத் தாளில் பெரும்பகுதி சலவைச் சோடாவுக்கே இணங்கிவிடும். எஞ்சியதை மருந்தைக் கூட்டிக் கூட்டிக் கரைப்பதைவிட, அது கரையாமலேயே பயன்படக்கூடிய ஒரு பொருளைச் செய்வது நல்லது.

இந்தத் தாள் ஏன் கரைவதில்லை

சாதாரணத் தாளில் நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் நுழைந்ததும் அந்தப் பிடி தளர்ந்துவிடுவதால், நனைந்த தாளில் உலர்நிலை வலிமையின் மிகச் சிறு பங்கே மிஞ்சும். நனைந்த பிறகும் உலர்நிலை வலிமையில் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் தாங்கினால் அதை ஈரவலிமைத் தாள் என்று கணக்கில் கொள்வது தொழில் வழக்கம். இந்த வலிமையைத் தருவது தாள் தயாரிக்கும்போதே கூழில் கலக்கப்படும் ஒருவகைப் பிசின். அதன் அளவு நாரின் எடையில் பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். அவ்வளவு சிறிய அளவு பிசின், நார்கள் சந்திக்கும் இடங்களில் குறுக்குப் பிணைப்புகளாக இறுகி, தண்ணீர் புகாதபடி காத்து நிற்கிறது.

பிசின்களில் புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று குடும்பங்கள். யூரியா பார்மால்டிஹைடு, மெலமின் பார்மால்டிஹைடு ஆகியவை முதல் குடும்பம், பழையவை; அமிலமும் வெப்பமும் சேர்ந்தால் உடையும். இரண்டாவது, பாலிஅமைடுஅமீன் எபிகுளோரோஹைட்ரின். ஹெர்குலிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கெய்ம் என்பவர் 1960-இல் காப்புரிமை பெற்ற இந்தப் பிசின்தான் இன்று துடைதாள்களிலும் லேபிள்களிலும் மிகுதியாக இருக்கிறது. அமிலத்துக்கு அசையாது, சூடான காரத்துக்குத்தான் இளகும். மூன்றாவது, கிளையாக்சால் சேர்த்த பாலிஅக்ரிலமைடு. இது தற்காலிக வலிமை மட்டுமே தருவதால் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் கிடந்தாலே தளரத் தொடங்கும். காரம் சேர்ந்தால் இன்னும் விரைவாகத் தளரும். ஆகவே எல்லாத் தாளையும் ஒரே தொட்டியில் போட்டு ஒரே மருந்தை ஊற்றுவது மருந்துக்கும் கேடு, தாளுக்கும் கேடு.

படி 1: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

பயன்படாத கைதுடைதாள் சுருள்களின் வெட்டுக்கழிவு, லேபிள் அச்சகங்களின் ஓரக்கழிவு, பாட்டில் கழுவுமிடங்களில் சேரும் லேபிள் குவியல், சிமெண்டோ ஓடு ஒட்டும் பசையோ வந்த பழுப்புத் தாள் பைகள் ஆகியவை நல்ல மூலங்கள். பாட்டில் லேபிளுக்கு ஏன் இந்த வலிமை என்றால், திரும்ப வரும் பாட்டில்களைச் சூடான காஸ்டிக் நீரில் கழுவும்போது லேபிள் கூழாகி எந்திரத்தை அடைத்துவிடக் கூடாது, முழுதாகக் கழன்று வர வேண்டும் என்பதற்காகத்தான். காரத்தில் கரையக் கூடாது என்றே செய்த தாள் என்பதால், மற்றவற்றைவிட இதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். சிமெண்டுப் பைகளை நன்றாக உதறி, உள்ளே பிளாஸ்டிக் அடுக்கு இருந்தால் உரித்துவிட்டு வாங்குங்கள்.

ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளில் காலணியைச் சுற்றவும் உள்ளே திணிக்கவும் பயன்படும் மெல்லிய தாள் பெரும்பாலும் சாதாரண வகை. அது தண்ணீரிலேயே கரையும் என்பதால், ஈரவலிமைத் தாளோடு கலந்து காரத்தில் வேகவைத்து வீணாக்காதீர்கள். ஆனால் தோல் பதனிடும் இடங்களிலிருந்து வரும் தாளை, அதில் தோல் தூளோ குரோம் கறையோ படிந்திருக்க வாய்ப்பிருப்பதால், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

வேலூர் மருத்துவமனைகள் நிறைந்த ஊர். அவற்றைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் உணவகங்களிலும் துடைதாள் ஏராளமாகச் சேர்கிறது. மருத்துவமனைக்குள் பயன்பட்ட எந்தத் தாளும் 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின் கீழ் வரக்கூடும் என்பதால் அதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். உணவகங்களில் கை துடைத்த தாள் எண்ணெயும் உணவும் ஏறியது. அதன் இடம் உரக்குழி, கூழ்த் தொட்டியல்ல. தேயிலைப் பைகளிலும் பல பிளாஸ்டிக் இழையால் ஒட்டப்பட்டவை, ஆகவே அவற்றையும் ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் பூசிய தாள் குவளைகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருந்தும் மூட்டைகளில் இன்னும் வருகின்றன. அவை கரையாமல் இருப்பதற்குக் காரணம் பிசின் அல்ல, பூச்சு. ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் கண்ணாடி போன்ற படலம் நூலாக இழுபடும்.

படி 2: நான்கு டம்ளர் சோதனை

எந்தப் புதிய மூட்டை வந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் தொட்டியை நிரப்பாதீர்கள். தாளிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் நான்கு பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர். இரண்டாவதில் 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெந்நீர். மூன்றாவதில் அதே சூட்டில் லிட்டருக்கு 10 கிராம் சலவைச் சோடா கரைத்த நீர். நான்காவதில் அதே சூட்டில் லிட்டருக்கு 10 கிராம் படிகாரம் கரைத்த நீர். பி.எச்., அதாவது அமில-கார அளவு, காட்டும் சோதனைத் தாளை வைத்துப் பார்த்தால் மூன்றாவது 11-ஐ ஒட்டியும் நான்காவது 4-க்குக் கீழும் இருக்க வேண்டும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாகவும் சற்றுக் காரமாகவும் இருப்பதால் படிகார நீர் போதிய அளவு புளிக்காமல் போகலாம். அப்போது எலுமிச்சை உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துச் சரிசெய்யுங்கள். சூடு இறங்கிவிட்டால் சோதனை பொய்யாகிவிடும் என்பதால் டம்ளருக்குப் பதில் மூடியுள்ள பிளாஸ்க்குகளைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு பட்டையையும் வெளியே எடுத்து, இரு முனையிலும் பிடித்து மெதுவாக இழுங்கள். சாதாரணத் தாள் குளிர்ந்த நீரிலேயே இழுக்கும் முன் தொங்கி அறுந்துவிடும். அறுந்த ஓரம் பஞ்சு பிரிந்தது போல் மங்கலாக இருக்கும். ஈரவலிமைத் தாளோ விரலுக்கு எதிர்ப்புக் காட்டி, கடைசியில் கூர்மையான கோடாகக் கிழியும். பிறகு பட்டையின் நடுவைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து வட்டமாகத் தேயுங்கள். பிசின் இளகியிருந்தால் மேற்பரப்பு சிறு சிறு உருளைகளாகத் திரண்டு வரும், அடியில் நார் தெரியும். இளகவில்லையென்றால் எவ்வளவு தேய்த்தாலும் வழவழப்பான தோல் மாதிரியே இருக்கும்.

வெந்நீரிலேயே திரண்டால் தற்காலிக வலிமைதான். வேறு மருந்து வேண்டாம். சோடா நீரில் மட்டும் திரண்டால் எபிகுளோரோஹைட்ரின் வகை என்று கொள்ளலாம். படிகார நீரில் மட்டும் திரண்டால் பார்மால்டிஹைடு வகை. நான்கிலும் அசையவில்லையென்றால் மூட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அதைத் தனியாக வையுங்கள், அதற்கும் வழி பின்னால் வருகிறது.

படி 3: சேமிப்பும் துண்டாக்கலும்

எபிகுளோரோஹைட்ரின் பிசின் தாள் எந்திரத்தில் முழுதாக இறுகுவதில்லை. கிடங்கில் கிடக்கும் நாட்களிலும் வாரங்களிலும் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஆகவே புதிதாக வெட்டிய ஓரக்கழிவு கிடைக்கிறதென்றால் அதை உடனே கூழாக்குவது பாதி வேலையை மிச்சப்படுத்தும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதை மாதக்கணக்கில் அடுக்கி வைப்பது நாமே அதற்கு வலிமை ஏற்றிக் கொடுப்பதாகும். பழைய லேபிள்கள் ஏற்கெனவே முழுதாக இறுகியவை. அவற்றுக்கு இந்த அவசரம் இல்லை.

துண்டுகள் தீப்பெட்டி அளவுக்கு இருந்தால் போதும். அதைவிடப் பொடியாக வெட்டினால் நார் குட்டையாகி அட்டை பலமிழக்கும்.

படி 4: முதலில் சூடு, பிறகு சோடா

காரமோ அமிலமோ சேர்க்கும் முன் தாளை வெறும் வெந்நீரில் நனைய விடுங்கள். இந்தத் தாள்களில் பலவற்றில் நீர் ஊடுருவவே நேரம் பிடிக்கும். உள்ளே காய்ந்திருக்கும் இடத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொது விதி. அதனால் மருந்தை இரட்டிப்பாக்குவதைவிடச் சூட்டைக் கூட்டுவதும், கூட்டிய சூட்டைக் காப்பதும் மலிவு. கூரைமேல் வைக்கும் சூரிய வெந்நீர்க் கருவி சுமார் 60 டிகிரி வரை நமக்குக் கொடுத்துவிடும். மீதி 15 அல்லது 20 டிகிரிக்குத்தான் அடுப்பு வேண்டும். தொட்டியைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்கு உமியோ வைக்கோலோ அடைத்து, மேலே கனமான மூடி போட்டால் இரவு முழுக்கச் சூடு நிற்கும். கோடையில் அறுபதும் எழுபதும் எளிது. மார்கழியில் உமி அடைப்பு இல்லாமல் இந்த வேலை நடக்காது.

காரத்துக்கு இணங்கும் தாளுக்கு, 1 கிலோ உலர்ந்த தாளுக்கு 7 லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தில், லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் சலவைச் சோடா சேர்த்து, 70 முதல் 80 டிகிரியில் வையுங்கள். சூடான காரம் இரண்டு வேலைகளைச் செய்கிறது: நாரை ஊதச் செய்து பிணைப்பின் மேல் இழுவிசை கொடுக்கிறது, பிசினுக்கும் நாருக்கும் இடையிலான எஸ்டர் பிணைப்பை நீராற்பகுக்கிறது, அதாவது நீரின் துணையோடு அறுக்கிறது. கடின நீரில் சோடாவின் ஒரு பங்கு சுண்ணாம்பாக வெள்ளையாய்ப் படிந்து வீணாகும். அதனால் அளவுக் கரண்டியைக் காட்டிலும் பி.எச். தாளை நம்புங்கள், 11-க்குக் கீழே இறங்கினால் மட்டும் கூட்டுங்கள். மழைநீர்த் தொட்டி இருந்தால் இந்தப் படிக்கு அதைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்தில் தேய்ப்புச் சோதனை தேறவில்லையென்றால் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அதன் பிறகும் இணங்காத லேபிள் தாளுக்கு மட்டும் காஸ்டிக் சோடாவை மிகச் சிறு அளவில் சேர்த்துப் பி.எச். 12 வரை ஏற்றலாம். காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி, நீளக் கையுறை, மூடிய காலணி ஆகியவை இல்லாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது.

பார்மால்டிஹைடு வகைக்குப் படிகார நீர், பி.எச். 4-க்கு அருகே, 75 முதல் 90 டிகிரி வரை. இந்த வேலையைத் திறந்தவெளியிலோ நல்ல காற்றோட்டத்திலோதான் செய்ய வேண்டும், ஏனென்றால் உடையும் பிசின் பார்மால்டிஹைடை வெளியிடும். கண் எரிகிறதென்றால் அதுதான் காரணம். அமிலம் நாரையும் மெல்ல அரிக்கும் என்பதால் இரவு முழுக்க விட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை சோதித்து, திரண்டதும் அலசிவிடுங்கள்.

படி 5: கெட்டியாகப் பிசைதல்

புதியவர்கள் அதிகம் கவனிக்காத படி இது, ஆனால் என் மதிப்பில் மருந்தைவிட இதுதான் முக்கியம். வழக்கமாகத் தாளை நிறையத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிளேடால் அடிப்பார்கள். அப்போது பிளேடு படும் துண்டு மட்டும் அறுபடும், பிசின் பிணைப்பு அப்படியே இருக்கும். தாளின் பங்கு 12 முதல் 15 சதவீதம் இருக்கும்படி தண்ணீரைக் குறைத்துவிட்டால், கூழ் புட்டுக்குப் பிசைந்த மாவைவிடச் சற்று ஈரமாக நிற்கும். அந்த நிலையில் புரட்டும்போது துண்டும் துண்டும் உரசி, காரத்தால் தளர்ந்த பிணைப்பை நார் அறுபடாமல் பிரிக்கும். பெரிய ஆலைகள் திருகு வடிவச் சுழலியுள்ள கெட்டிக் கூழாக்கியை வைத்திருப்பது இதற்காகவே. மருந்து கலக்கும் அளவும் சூடாக்க வேண்டிய தண்ணீரும் இதில் குறைவதால் விறகுச் செலவும் கழிவுநீரும் சேர்ந்தே குறையும்.

சிறு அளவில் பழகுவதற்குப் பழைய டில்டிங் வெட் கிரைண்டர் போதும். கல் உரசி நார் அரைபடாதபடி இடைவெளியைத் தளர்த்தி வையுங்கள். அதில் மீண்டும் உணவு அரைக்கவே கூடாது. தொழில் அளவில், மெதுவாகச் சுழலும் துடுப்புள்ள கலவை எந்திரத்தைப் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். மிக்ஸியின் கத்தி இதற்கு ஒவ்வாது. சூடு ஆறும் முன் அரை மணி நேரம் பிசைந்து, ஒரு கைப்பிடி கூழைக் கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் கலக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேகம் போல் சீராகக் கலங்கினால் முடிந்தது. செதில்கள் தெரிந்தால் இன்னும் பிசைய வேண்டும்.

படி 6: இதற்கும் இணங்காதவை

மிஞ்சும் செதில்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது நொதி. துணிகளுக்கு மெருகேற்ற விற்கப்படும் செல்லுலேஸ் நொதி திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயப்பொருள் வணிகர்களிடம் கிடைக்கும். காரத்தை அலசி, அந்த நொதிக்குரிய பி.எச்.-க்குக் கொண்டுவந்து, 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் பிசின் ஒட்டியிருக்கும் நாரின் மேற்பரப்பைச் சற்றே அரித்து விடுவிக்கும். பிசினை அது தொடுவதில்லை. அளவு மிஞ்சினாலோ நேரம் மிஞ்சினாலோ நாரே வலுவிழக்கும் என்பதால், வேலை முடிந்ததும் 80 டிகிரிக்குச் சூடேற்றி நொதியைச் செயலிழக்கச் செய்யுங்கள்.

இரண்டாவது பெர்சல்பேட். குளோரினுக்கு மாற்றாகத் தாள் ஆலைகள் கையாளும் ஆக்சிஜனேற்றி இது. 60 டிகிரிக்கு மேல் இது சல்பேட் தனி உறுப்புகளாக, அதாவது மிகத் தீவிரமாக வினைபுரியும் துணுக்குகளாகப் பிரிந்து பிசினின் முதுகெலும்பை உடைக்கும். கடைசியில் எஞ்சுவது சல்பேட் உப்பு மட்டுமே. தாளின் எடையில் 1 முதல் 3 சதவீதம் சோடியம் பெர்சல்பேட்டை, காஸ்டிக்கால் பி.எச். 11-க்கு ஏற்றிய 70 டிகிரி நீரில் சேர்ப்பது தொடக்கத்துக்கு ஏற்ற அளவு. வினை நடக்கும்போது அமிலம் உண்டாகிப் பி.எச். இறங்கிக்கொண்டே போகும் என்பதால் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இங்கே இரண்டு செய்திகள் நம் வட்டாரத்துக்கு மிக முக்கியம். சலவைச் சோடாவின் கார்பனேட் இந்தத் தனி உறுப்புகளை விழுங்கிவிடும். ஆகவே சோடாவில் வேகவைத்த தாளை அலசாமல் பெர்சல்பேட்டைப் போட்டால் காசு தண்ணீரில் போகும். அதேபோல் குளோரைடு மிகுந்த நீரில் சல்பேட் தனி உறுப்பு குளோரின் தனி உறுப்பாக மாறக்கூடும். எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபடுகிறோமோ அந்தக் குளோரின் ஏறிய சேர்மங்களே அதனால் மீண்டும் உருவாக வாய்ப்புண்டு. தோல் பதனிடும் தொழிலில் பயன்பட்ட உப்பால் பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீர் கரிப்பாகிவிட்டது. அத்தகைய நீரை இந்தப் படிக்குப் பயன்படுத்தவே கூடாது, மழைநீர்தான் சரி. பெர்சல்பேட் தூள் மூச்சில் போனால் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. முகக்கவசத்தோடு கையாண்டு, ஈரமும் தாள் தூசியும் படாத மூடிய டப்பாவில் வையுங்கள்.

மூன்றாவது வழி, கரைப்பதை நிறுத்திக்கொள்வது. பத்தில் ஒரு பங்கு செதில் நின்றுபோனால் அதைச் சல்லடையில் பிடித்து அடுத்த தொட்டியின் ஊறலில் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் முறை பெரும்பாலும் இளகிவிடும். முற்றிலும் அசையாத வகையை நன்றாக நறுக்கி, கனமான அட்டையின் நடு அடுக்கில் நிரப்பியாக இடலாம்.

பிளீச்சிங் பவுடரை ஏன் இவ்வளவு உறுதியாக மறுக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள ஹைப்போகுளோரைட் எபிகுளோரோஹைட்ரின் பிசினை விரைவாக உடைக்கும் என்பது உண்மை. ஆலைகள் நெடுநாள் அதைத்தான் பயன்படுத்தின. ஆனால் அது பிசினோடும் நாரோடும் சேர்ந்து குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களை உண்டாக்குகிறது. அவற்றில் பல எளிதில் சிதையாதவை, மண்ணிலும் நீரிலும் தங்குபவை. படிகார நீரோடு தவறிக் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். யூரியா வகைத் தாளோடு சேர்ந்தால் குளோரமின்கள் உண்டாகும். சிறு பட்டறையில் இவற்றைப் பிடிக்கவோ அளக்கவோ வசதி கிடையாது.

படி 7: தண்ணீர்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியையும் முன்னெச்சரிக்கை நெறியையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான கிணறுகளும் வயல்களும் நம்மைச் சுற்றித்தான் இருக்கின்றன. பட்டறை எவ்வளவு சிறிதானாலும் ஊறல் நீர் ஓடையிலோ ஏரிக் கால்வாயிலோ இறங்கக் கூடாது.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த முறையில் தண்ணீர் பெரும்பாலும் உள்ளேயே சுற்றும். சோடா ஊறலை வடித்துத் தெளியவைத்து, குறைந்த காரத்தை மட்டும் ஈடு செய்து அடுத்த ஊறலுக்கு எடுத்துக்கொள்ளலாம். அலசல் நீரை முன்பின்னாகத் திருப்புங்கள்: கடைசி அலசலின் தெளிந்த நீர் அடுத்த தொட்டியின் முதல் அலசலுக்கு, முதல் அலசலின் நீர் ஊறலுக்கு. பல முறை சுழன்று கறுத்துப்போன சோடா நீரையும் பயன்பட்ட படிகார நீரையும் ஒன்றோடொன்று சேர்த்தால், ஒன்றின் காரமும் மற்றதன் அமிலமும் தணிந்து, படிகாரத்தின் அலுமினியம் பஞ்சு போன்ற வீழ்படிவாகத் திரண்டு நுண்நாரையும் மையையும் தன்னோடு அடியில் இறக்கிவிடும். கலக்கும்போது கார்பன் டை ஆக்சைடு பொங்கி நுரைக்கும் என்பதால் தொட்டி பாதிக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது. படிகார நீரைச் சிறிது சிறிதாகத்தான் ஊற்ற வேண்டும். பி.எச். 7-ஐ ஒட்டி வந்ததும் நிறுத்தி இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் கசடை அட்டையின் நடு அடுக்கில் சேர்த்துவிடலாம்.

உள்நாட்டு நீர்நிலைக்கு விடப்படும் கழிவுநீருக்குப் பி.எச். 5.5 முதல் 9 வரை, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், நீரிலுள்ள கரிம அழுக்கைக் காட்டும் அளவுகளான உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 30 மில்லிகிராம், வேதி ஆக்சிஜன் தேவை 250 மில்லிகிராம் என்பவை பொது வரம்புகள். தெளிந்த நீர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் அதில் கரைந்த உப்பு போகாது. பெர்சல்பேட், படிகாரம் இரண்டும் சல்பேட்டைக் கூட்டும். அத்தகைய நீர் மூடிய குழியில் தேங்கினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். ஆகவே கடைசியில் மிஞ்சும் நீரைத் தார்ப்பாய் விரித்த ஆழமற்ற தொட்டியில் வெயிலில் ஆவியாக்கி, எஞ்சும் உப்பைத் தனியே சேமித்து வையுங்கள். நம் ஊர் வெயில் இதற்குப் பெரிய துணை.

தொடங்கும் முன், 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி உங்கள் வேலைக்கு இசைவு தேவையா என்று தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். என்னென்ன மருந்து, எவ்வளவு, நீர் எங்கே போகிறது என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு விரைவில் முடியும்.

படி 8: என்ன பொருள் செய்வது

இந்தக் கூழை நாற்றுத் தொட்டிக்குத்தான் முதலில் பரிந்துரைப்பேன். சாதாரணக் கூழில் செய்த தொட்டி சில நாள் தண்ணீர் ஊற்றியதும் குழைந்துவிடும். எஞ்சிய பிசினும் சிறு செதில்களும் உள்ள தொட்டி நாற்று நடவுக்கு வரும்வரை வடிவம் குலையாமல் நிற்கும். மற்ற வேலைகளில் குறையாக இருந்தது இங்கே தகுதியாகிவிடுகிறது. கோப்பு அட்டை, காலணிப் பெட்டிக்குள் வைக்கும் தடுப்பு, பழப்பெட்டித் தட்டு ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு ஈரவலிமைக் கூழும் மீதி பழைய நோட்டுத்தாள் கூழுமாகக் கலந்து பாருங்கள். விகிதத்தை அட்டையை மடித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். சாப்பாட்டுத் தட்டும் உணவு பொதியும் தாளும் இதில் செய்ய வேண்டாம். லேபிள் மையும் பழைய பிசினும் உள்ள கூழ் உணவைத் தொடுவதற்குரியதல்ல.

கைத்தாள் நுட்பத்தை முறையாகக் கற்க விரும்புவோருக்கு ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் குமரப்பா தேசியக் கைத்தாள் நிறுவனம் இருக்கிறது. கிராமத் தொழில்களுக்காக வாழ்நாளைக் கொடுத்த நம் தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பாவின் பெயரைத் தாங்கிய நிறுவனம் அது. போவதற்கு முன் ஒரு குறிப்பேடு தொடங்கி, ஒவ்வொரு தொட்டிக்கும் தாள் எங்கிருந்து வந்தது, நான்கு டம்ளரில் எது திரண்டது, பி.எச்., சூடு, நேரம், சல்லடையில் நின்ற செதிலின் எடை ஆகியவற்றை எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேட்டோடு போய் உட்கார்ந்தால், பயிற்சி தருபவர் பொதுப் பாடத்தை விட்டுவிட்டு உங்கள் தாளைப் பற்றியே பேசத் தொடங்குவார்.